மாதா கெபிப் பக்கம் உட்கார்ந்திருந்தவள்

மதர் என் வீட்டுக்காரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, "எஸ், மதர்" என்று எழுந்து நின்றது என் தம்பி சம்சாரம். மைசூரில் சர்ச்சை ஒட்டிய பள்ளிக்கூடம் அது, மதர்தான் தலைமையாசிரியை. மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போயிருந்தோம். தாய்க்கு இங்கிலீஷ் வராவிட்டால் இடம் கிடைக்காது என்று யாரோ சொன்னதை நம்பி, பி.யு.சி. படித்த தம்பி சம்சாரத்தை அம்மாவாகக் கூட்டிப்போயிருந்தேன். பெற்றவள் வீட்டில் இருந்தாள்.

நான் ராமாபுரத்திலிருந்து கொத்தனார் கரண்டியும் தூக்குக்குண்டுமாக வந்தவன். நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்றைக்கு என் கை படாத தெரு இந்த ஊரில் குறைவு. இன்ஜினியர்கள் பிளானை விரித்துவைத்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பள்ளியின் மாடியே பிற்பாடு நான் கட்டியதுதான். இதையெல்லாம் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நான் கூச்சப்பட்டது, கைநாட்டு வைக்கிற மனைவிக்காக மட்டும்தான்.

ஒரு நாளோடு முடிகிற பொய் என்றுதான் நினைத்தேன். மகள் அங்கே படித்தவரை அதுவும் நீண்டது. மதியச் சாப்பாடு கொண்டுவரும் அம்மாக்கள் உள்ளே போய் ஊட்டிவிடலாம். ஆயாக்கள் பாத்திரத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வெளியே இருக்க வேண்டும். என் வீட்டுக்காரி ஆயா என்ற பேரில் தினமும் அக்ரஹாரம் ஏரியாவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடந்துவந்து கொடுத்துவிட்டு, காலிப் பாத்திரம் திரும்பி வரும்வரை சர்ச் வளாகத்தில் மாதா சிலை வைத்த கெபிப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். "ஸ்கூல் கேட் கிட்ட அவளை அம்மான்னு கூப்பிட்றாத, பேரை எடுத்துருவாங்க" என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நாலு வயசுப் பிள்ளை, சொன்னபடி கேட்டது. கொஞ்ச நாளில் வீட்டிலும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டது.

ஒருமுறை மதர் என்னிடம், "உங்க ஆயா மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டா. மழையானாலும் நேரத்துக்கு வந்துடறா. எங்க புடிச்சீங்க?" என்றார். "எங்க ஊர்ப்பக்கந்தானுங்க மதர்" என்று சிரித்தேன். வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகவும் சொன்னேன். "நேரத்துக்கு வர்றேன்னு சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அரிசி களையப் போனாள்.

போன வாரம் பேத்தியை அதே பள்ளியில் சேர்க்கப் போனோம். தாத்தா பாட்டியும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காரை விட்டு இறங்கியதும் இவள் தன்பாட்டுக்கு சர்ச் பக்கம் திரும்பினாள்.

"அங்க எங்க போற? உள்ள வா புள்ள."

"நீங்க போயிட்டு வாங்க. மதர் என்னைப் பாத்துட்டாங்கன்னா பாப்பாவுக்குத்தானுங்க கெட்ட பேரு."

பாப்பா என்று அவள் சொன்னது, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் மகளை.

மதர் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அவர் கல்லறைக்கு மேடை கட்டியதே நான்தான். அதைச் சொல்லிப் பெருமையடிக்காத இடமில்லை. இவளிடம் சொல்ல மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. செத்தவருக்குப் பயந்து இத்தனை வருஷம் இவள் அந்தத் தெருப்பக்கமே வராமல் இருந்திருக்கிறாள்.

கார் ஓரமாக அவளை நிறுத்தி, மதர் இறந்துபோனதைச் சொன்னேன்.

"எப்பங்க?"

"இப்பத்தான், போன வருஷம்" என்றேன்.