பூசிக் கழுவுகிற காசு

சிசிலித் தீவின் மெஸ்ஸினாவில் தெருவில் நின்று 'லெத்தேரியோ' என்று கூப்பிட்டால் பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே பேச்சு, படகுத்துறையில் கயிறு பிடித்த லெத்தேரியோவைப் பற்றி. ரயில் பெட்டிகளையும் லாரிகளையும் வயிற்றில் போட்டுக்கொண்டு அக்கரையிலிருந்து வருகிற பெரிய படகு கரையை ஒட்டும்போது, மேலேயிருந்து எறிகிற வடத்தைப் பிடித்து இரும்பு முளையில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் உப்புக்காற்றில் நின்று அதைச் செய்கிறவன் முகம் நாலைந்து வருஷத்தில் கருவாடாகிவிடும். லெத்தேரியோவுக்கு மட்டும் அறுபதை நெருங்கியும் முகம் வழுவழுவென்று இருந்தது. துறையில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்றே பட்டப்பெயர்.

மாப்பிள்ளை முகத்தின் ரகசியம் ஊருக்கே தெரிந்த ரகசியம். வடக்கே பொலோன்யா நகரத்தில் செய்கிற சவரக் க்ரீம். வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், வெண்ணெய்ப் பதத்தில், கனமான கண்ணாடி டப்பாவில் வரும். மூடியைத் திறந்தால் கசப்புப் பாதாம் வாசம் அறை முழுக்கப் பரவும். பிதுக்குகிற குழாயில் வருகிற சாதாரணக் க்ரீமோடு விலையை ஒப்பிட்டால் மயக்கம் வரும். பருவத்துக்கு ஒரு டப்பா என்று கணக்கு வைத்து, பிளாசிதோவின் வாசனைச் சாமான் கடையில் வாங்குவார். மனிதருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது. சிகரெட் இல்லை, சீட்டு இல்லை, ஒயின்கூட ஞாயிற்றுக்கிழமை ஒரு கிளாஸ்தான்.

சவரம் அவருக்குப் பாதித் தூக்கம். விடியற்காலையில் ஜன்னல் கொக்கியில் கண்ணாடியை மாட்டிவிட்டு முக்காலியில் உட்காருவார். பிரஷ் மெதுவாக வட்டம் போடும். நுரை ஏற ஏற வாய் மறையும், தாடை மறையும், கடைசியில் இரண்டு கண்கள் மட்டும் மிஞ்சும். அப்புறம் அவர் அங்கே இருக்கமாட்டார். அந்த வாசம் எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே இருப்பார். அக்கரை மலையில் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். கடல் சத்தமே போடாமல் வெளுக்கும். காற்று செத்துப்போன சில காலைகளில், அக்கரை ஊர் கானலாகத் தண்ணீரை விட்டுக் கிளம்பி ஆகாயத்தில் தொங்கும். வீடுகள் கோபுரங்களாக நீளும், ஆடும், கரையும்.

ஒருநாள் அப்படித் தொங்கியதைப் பார்த்துவிட்டு, பாதி முகம் நுரையாக பால்கனிக்கு ஓடி, "அசுந்தா! ஓடி வாடி, ஊரு பறக்குது!" என்று கத்தினார். அவர் மனைவி அசுந்தா மாவுக் கையோடு வந்தாள். வந்தவள் கடல் பக்கம் திரும்பவே இல்லை. புருஷன் முகத்தைப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் காதோரம் வழிந்த நுரையை ஒரு விரலால் வழித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆகாயத்தில் தொங்கிய ஊரும் அதற்குள் கலைந்துவிட்டது.

அசுந்தா ஒரு இனிப்புக் கடையின் பின்கட்டில் வேலை பார்த்தவள். பாதாமை அரைத்துச் சர்க்கரைப் பாகில் கிளறி, பீச், எலுமிச்சை, கத்திரிக்காய் என்று பொம்மைப் பழங்கள் செய்வாள். அவள் வீட்டுக்குள் வந்தால் பாதாம் வாசமும் கூட வரும். வாய் மட்டும் பாதாம் இல்லை, மிளகாய். க்ரீம் டப்பா வீட்டுக்கு வருகிற அன்றைக்கெல்லாம் சண்டை உண்டு.

"ஏன்யா, பூசிக் கழுவி ஊத்துறதுக்கா இவ்ளோ காசு? அந்தக் காசுக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம வாள்மீன் திங்கலாம்."

"வாள்மீன் மட்டும் மறுநாள் எங்கடி போகுது?"

"அது வயித்துக்குள்ள போய்ட்டாவது போகுது. இது நேரா சாக்கடைக்குல்ல போகுது."

"என் மூஞ்சிய நீதான பாக்குற? உனக்காகத்தான்டி."

"எனக்காகன்னா பேசாம தாடி வளத்துக்கோ. பாதி மூஞ்சி மறையும், கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்."

அவள் திட்டத் திட்ட லெத்தேரியோவுக்கு வீம்பு ஏறும். அடுத்த பருவம் பிறந்ததும் முதல் வேலையாகப் பிளாசிதோ கடைக்குப் போவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே கதைதான். இனிப்புக் கடை வேலையை முழங்கால் வலியால் விட்ட பிறகும் அவள் இந்தச் சண்டையை மட்டும் விடவில்லை.

ஒரு ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரத்தில், அசுந்தா துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தார் சூப்பும் மீனும் கொண்டுவந்து கூடவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். துக்கத்தில்தான் செத்தவர்களின் வேடிக்கைப் பேச்செல்லாம் ஞாபகம் வரும். மேல்வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"படிக்கட்டுல நின்னு என்ன சொல்வா தெரியுமா? 'நான் அடுப்படில வேகுறதே எம் புருஷன் மூஞ்சிக்காகத்தான்'னுவா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, பாவி."

எல்லோரும் சிரித்தார்கள். லெத்தேரியோ மட்டும் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

அவள் அதை அவரிடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தால் விளையாட்டு. ஊராரிடம் சொல்லியிருக்கிறாள் என்றால்? அவள் கைகள் அவர் கண்முன் வந்தன. பாகு தெறித்த தழும்புகள், எலுமிச்சைச் சாறு அரித்த வெடிப்புகள். அந்தக் கை சம்பாதித்ததையும் சேர்த்துத்தானே தன் முகத்தில் பூசிச் சாக்கடையில் விட்டோம்? அவள் மனசில் இதைச் சுமந்துகொண்டே போய்விட்டாளா? கேட்கலாம் என்றால் பதில் சொல்ல ஆள் இல்லை.

மனைவியைப் பறிகொடுத்த ஆண்பிள்ளை சில வாரம் சவரம் செய்யாமல் இருப்பது அங்கே பழைய வழக்கம். லெத்தேரியோ வழக்கத்தையும் தாண்டினார். மார்ச் போயிற்று, ஈஸ்டர் போயிற்று, தாடி நெஞ்சைத் தொட்டது. "பெண்டாட்டி மேல இப்படியும் ஒருத்தனுக்கு ஆசை உண்டா" என்று தெருவே மெச்சியது. அவருக்கு மட்டும் தெரியும், அது ஆசையில் வளர்ந்த தாடி மட்டும் இல்லை, பயத்தில் வளர்ந்த தாடியும்கூட. அலமாரியில் அசுந்தா இருந்தபோதே வாங்கிய புது டப்பா இருந்தது. அந்தப் பக்கம் போனாலே அவருக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்ட் நடுவில் மாதாவின் பெரிய தேர். வெறுங்காலோடு ஆயிரம் பேர் வடம் பிடிப்பார்கள். லெத்தேரியோ வாலிபத்திலிருந்து பிடிக்கிறவர். மாதா விண்ணேறிய அந்தத் திருநாளின் பெயரைத்தான் அசுந்தாவுக்கு வைத்திருந்தார்கள், அதனால் அன்றைக்கே அவள் பெயர்நாளும். அசுந்தாவின் தங்கை மெலீனா முதல் நாளே வந்து நின்றாள்.

"அத்தான், நாளைக்கு இந்தப் பொதரோட தேருக்கு வந்தீங்கன்னா நான் மூஞ்சில முழிக்க மாட்டேன். அக்கா பேரு நாளு. மாப்பிள்ள மாதிரி வாங்க."

தட்ட முடியவில்லை. மறுநாள் விடியலில் மூடியைத் திறந்தார். வாசம் எழுந்தது. அசுந்தாவே முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார், பிறகு அழுதுகொண்டே சிரைத்தார். அன்றிலிருந்து அந்த வாசத்துக்காகவே தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவளைத் திட்டவைத்த சாமானிலேயே அவள் வாசம் இருந்தது அவருக்குப் புரியாத வேதனை.

அப்புறம்தான் ஒன்று கவனித்தார். டப்பா தீரவில்லை.

இலையுதிர்காலம் பாதி தாண்டியது. கல்லறைத் திருநாள் வந்து போயிற்று. டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது. கை சிக்கனமாகிவிட்டதோ என்று தாராளமாக எடுத்தார். அப்படியும் தீரவில்லை. வழியில் பிளாசிதோ மடக்கினார்.

"என்னய்யா மாப்பிள்ள, கடைய மாத்திட்டியா? ஆளையே காணோம்!"

"இல்லய்யா. இருக்கு இன்னும்."

"இருக்கா? எனக்குத் தெரிஞ்சு ஒனக்கு ஒரு டப்பா மூணு மாசம் தாண்டுனதில்லையே!"

கனவு காண்கிறவனுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? கோயில் பிரசங்கத்தில் கேட்ட ஏழை விதவையின் எண்ணெய்க் குடம் ஞாபகம் வந்தது. ஊற்ற ஊற்றக் குறையாத குடம். அசுந்தாதான் மேலேயிருந்து டப்பாவை நிரப்புகிறாள், கோபமில்லை என்று சொல்கிறாள். இப்படி நினைத்ததும் தொப்பியை எடுத்து மாட்டினார். நேரே மெலீனா வீட்டுக்கு நடந்தார்.

மெலீனா மத்தி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். லெத்தேரியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பாதிரியாரிடம் சொல்வது போல, டப்பா தீராத கதையைச் சொன்னார். மெலீனாவின் முகம் முதலில் இறுகியது. பிறகு உதடு துடித்தது. அப்புறம் அவள் மீன் கத்தியைக் கீழே போட்டுவிட்டு மூச்சு முட்டச் சிரித்தாள்.

"அத்தான்! அற்புதமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பாதி டப்பாவ எங்கக்காதான காலி பண்ணிக்கிட்டிருந்தா!"

லெத்தேரியோ ஓர் அடி கிட்டே வந்தார்.

"நீங்க துறைக்குக் கெளம்புனதும் ஒரு விரல் வழிச்சு வெந்நீர்ல கரைப்பா. ரெண்டு கையையும் அதுல முக்கிக்கிட்டு, கண்ண மூடி ஜன்னலோரமா உக்காந்திருப்பா. கூப்பிட்டாக் காது கேக்காது. புண்ணான கைக்கு அது ஒண்ணுதான் கேட்டுச்சாம். அப்புறம் நீங்க கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு, ஒங்க பிரஷ் தடம் மாதிரியே க்ரீம் மேல வரைஞ்சு மூடி வைப்பா. கள்ளி!"

"அசுந்தாவா? எங்கிட்ட ஒரு வார்த்த..."

"இனிப்புக் கடைய விட்டு எத்தன வருஷம் ஆச்சு அத்தான்? அதுக்கப்புறமும் அவ கையில பாதாம் வாசம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்சீங்க?"

அவர் நினைக்கவே இல்லை. எத்தனையோ இரவுகள் அந்தக் கையைக் கன்னத்தடியில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார். கடையின் வாசம் எலும்பு வரைக்கும் ஊறிவிட்டது என்றே எடுத்துக்கொண்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் சின்னப் பையன் குரலாக வந்தது.

"அப்புறம் ஏன் மெலீனா என்னை அந்தத் திட்டு திட்டுனா?"

மெலீனாவின் சிரிப்பு நின்றது.

"நானும் கேட்டேன் அத்தான். 'ஏன்டி, நல்லாருக்குன்னு சொல்லித் தொலையேன்'னேன். 'சொன்னா அந்தாளு என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாதா? இத எனக்குன்னு வாங்கிக் குடுத்துட்டு, அவன் கொழா க்ரீம அப்பிக்கிட்டுத் திரிவான். அந்த மூஞ்சி கருவாடாப் போயிரும். திட்டுனாத்தான் வீம்புக்கு வாங்குவான்'னா."

"மேல்வீட்டுக்காரிகிட்ட, எம் மூஞ்சிக்காகத்தான் வேகுறேன்னு..."

"பொய்யா சொன்னா? நெஜந்தான். அவளுக்கு அந்த மூஞ்சி வேணும்."

லெத்தேரியோ மீன் செதில் ஒட்டிய மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஒரு வார்த்தை நல்லது என்று சொல்லியிருந்தால், அவர் அதைத்தான் செய்திருப்பார். கட்டிக்கொண்ட புருஷனை ஒருத்தி இதைவிட நன்றாகப் படித்திருக்க முடியாது. மெலீனா மீன் கையோடே அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் சவரம் முடிந்ததும் அவர் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துவிடவில்லை. ஒரு விரல் க்ரீமை வழித்து வெந்நீரில் கரைத்தார். கயிறு அறுத்துக் காய்த்துப்போன தன் கைகளை அதில் அமிழ்த்தினார். இதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, கடலில் ஊர் மிதக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு தினமும் அப்படியே. பனிக்காலம் முடிவதற்குள் டப்பாவில் அடித்தரை தெரிந்தது.

பிளாசிதோ புது டப்பாவை எடுத்துத் துடைத்தார்.

"வெல ஏத்திட்டானுங்கய்யா. இப்பவே சொல்லிட்டேன், பின்னால சண்டைக்கு வராத. ஒத்த ஆளுக்கு எதுக்கு இவ்ளோ செலவு? கொழா க்ரீம் ஒண்ணு தரட்டுமா?"

"ஒத்த ஆளா? யாரு சொன்னா?" என்றார் லெத்தேரியோ. "ரெண்டு பேரு பூசுறதுய்யா இது. அந்த வெல ஒண்ணும் ஜாஸ்தியில்ல. கட்டிக் குடு."