மாமனாரின் வெள்ளி ரேஸரும் விஞ்ஞானியின் தீர்ப்பும்

கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அவருக்கு உதவியாளர் வேலை. காலையில் தராசுகளைத் துடைத்து வைப்பார். லென்ஸுகளை எடுத்துக் கொடுப்பார். மாலையில் திரும்பி வாங்கும்போது ஒன்று குறைந்தால், உடைத்தவன் யாரென்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அங்கிருக்கும் எந்தக் கருவியையும் அவர் தொடலாம். அதைப் பற்றிப் பேசத்தான் கூடாது. பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் வேறு.

பேச முடியாமல் போனதையெல்லாம் அவர் வீட்டில் பேசினார். அதனால் வீட்டில் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர். மேசை விசிறியைப் பிரித்துச் சேர்த்த அன்று சூட்டிய பெயர் அது. விசிறி நன்றாகத்தான் சுற்றியது. காற்றுதான் ஆட்கள் பக்கம் வராமல் சுவர்ப் பக்கம் போனது. "சுவர் குளிர்ந்தா வீடே குளிரும்" என்று சொல்லிப் பார்த்தார். மனைவி கட்டிலையும் விசிறியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டிலை இழுத்து விசிறிக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள். உறவுக்காரர்கள் கூடும் இடங்களில் இந்தக் கதையை அவரே முதலில் எடுத்துவிடுவார். அடுத்தவர் சொல்வதற்குள் நாமே சொல்லிவிட்டால் பாதி மானம் மிஞ்சும். அவர் கண்டுபிடித்தவற்றில் உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

அவரை மனதார நம்பிய ஜீவன் உலகத்தில் ஒன்றே ஒன்று உண்டு. மனைவியின் தம்பி. வேன் ஓட்டுகிறவன். "எங்க அத்தான் லேப்ல இருக்காரு" என்று அவன் சொல்லும்போது, கேட்கிறவர்கள் அத்தான்தான் அந்த ஆய்வகத்தைக் கட்டியவர் என்று நினைத்துக்கொள்வார்கள். பேட்டரி வாங்க, பல்ப் வாங்க, பெயின்ட் வாங்க, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பான். அவர் சொன்னது பலிக்காவிட்டால் பேட்டரியைத்தான் குறை சொல்வான். அத்தானைச் சொல்லமாட்டான்.

ஒரு நாள் அவன் கைக்குட்டையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். பிரித்தால், கறுத்துப்போன பழைய ரேஸர்.

"அப்பாவோடது அத்தான். பீரோ அடியில கெடந்துச்சு."

மாமனார் பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவராக இருந்தவர். யாரோ ஒரு விருந்தாளி கிளம்பும்போது அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனதாம். "சுத்த வெள்ளி, சும்மா இல்ல" என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் சிரித்தார்கள். வெள்ளியில் முகம் மழிக்கிறவர் வீட்டில் ஏன் ஓட்டைக் குடம் என்று சிரித்தவர்களில் மருமகனும் ஒருவர் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

"வெள்ளியா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லிடுங்க. எங்க வீட்டுக்காரி தூக்கிப் போடுங்கறா. நீங்க சொன்னா அதான் முடிவு."

அதான் முடிவு. இப்படி ஒருவர் சொல்லிக் கேட்க எத்தனை வருஷம் காத்திருந்தார்! மறுநாளே சட்டைப் பைக்குள் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்.

பிளேடு வைக்கும் தலைப்பகுதி மூன்று துண்டாகக் கழன்றது. அது பித்தளை, மேலே பூச்சு. ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது. கைப்பிடிதான் விஷயம். வரிவரியாகச் செதுக்கிய குழல் போன்ற கைப்பிடி. கழுத்துப் பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் 'ஸ்டெர்லிங்' என்று பொடி எழுத்தில் அடித்திருந்தது. ஆயிரத்தில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி என்று அதற்கு அர்த்தம். வேறு யாராவதாக இருந்தால் அத்தோடு வீட்டுக்கு வந்திருப்பார்கள். விஞ்ஞானி சிரித்துக்கொண்டார். முத்திரையை எவன் வேண்டுமானாலும் அடிக்கலாம். அடர்த்தி பொய் சொல்லாது.

கைப்பிடியைக் காற்றில் நிறுத்தார். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தார். கணக்குப் போட்டார். வெள்ளி என்றால் பத்துக்கு மேல் வர வேண்டும். ஐந்து கூட வரவில்லை. இரும்புக்கே ஏழுக்கு மேல் இருக்கிறது. ஐந்துக்கும் கீழே வருகிறதென்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று அந்த ஆய்வகத்துக்கு வரும் எந்த மாணவனும் சொல்லியிருப்பான். அவர் மாணவன் இல்லையே. ஃபோனை எடுத்தார்.

"மாப்ள, வெள்ளி இல்லப்பா. ஏதோ மட்டமான உலோகம், மேல முலாம்."

அந்தப் பக்கம் அவன் வேனை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்பா அவ்வளவு உறுதியா சொன்னாரே அத்தான்."

"அவரு சொல்லலாம். தராசு சொல்லலையே."

"சரி அத்தான். நீங்க சொன்னா சரிதான்."

ஃபோனை வைத்தபின், இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டானே என்று விஞ்ஞானிக்கு உள்ளூரச் சின்ன உறுத்தல். அதைச் சரிக்கட்ட, ரேஸரை அவனுக்குப் பளபளவென்று துலக்கியாவது கொடுப்போம் என்று நினைத்தார். வெள்ளிப் பூச்சின் கறுப்பு போக அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட சுடுதண்ணீர் போதும். அது அவருக்குத் தெரியும். எத்தனை சூடு என்பது தெரியாது. சந்தேகம் வரும் இடங்களில் அதிகமாகச் செய்வதுதான் அவர் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். அவர் அடுப்பில் பாத்திரத்தை வைத்து, கைப்பிடியை உள்ளே போட்டுக் கொதிக்கவிட்டார். கறுப்பு கண்ணெதிரே கழன்றது. அதன் அடியில் கைப்பிடி வெள்ளை வெளேரென்று மின்னியது. பிறகு கைப்பிடியின் அடி மூடி லேசாகப் பிரிந்து, பழுப்பும் கறுப்புமாக எதுவோ கசிந்தது. அழுக்கு! எத்தனை கால அழுக்கு! அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. தீயைக் கூட்டினார். கசிந்தது ஒழுகியது, ஒழுகியது வழிந்தது. குச்சியை விட்டுக் குடைந்து, கடைசித் துளி வரை வெளியே எடுத்தார்.

மனைவி பையோடு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, பால் பாத்திரத்துல தாரா காய்ச்சுறீங்க?"

"தார் இல்ல. அழுக்கு. உங்கப்பா முகத்து அழுக்கு."

"எங்கப்பா ரெண்டு வேளையும் குளிச்சவரு." பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்பருகே குனிந்தாள். கரண்டி நுனியால் அந்தப் பழுப்பைத் தொட்டு, விரலில் உருட்டி, முகர்ந்தாள். "அழுக்கு இல்லீங்க. அரக்கு."

"அரக்கா?"

"வளையலுக்குள்ள வெப்பாங்களே, அது. உள்ள வெத்தா இருந்தா நசுங்கிடும்னு அரக்கு ஊத்தி அடைச்சிருப்பாங்க. அத யாராச்சும் கொதிக்கிற தண்ணியில போடுவாங்களா? வெந்நீர்ல கைய விடறப்ப எல்லாம் என் வளையல கழட்டி மேடையில வெக்கிறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"வளையல் மேல இருக்கற ஆசைன்னு நெனச்சேன்."

"இத்தன வருஷமா?"

அவர் கைப்பிடியைத் துணியால் எடுத்தார். கோழி முட்டை ஓடு மாதிரி இருந்தது. கொஞ்சம் அழுத்திப் பிடித்துவிட்டார் போல. கட்டைவிரல் பட்ட இடம் மெத்தென்று உள்ளே போய்க் குழிந்தது. தலைப்பகுதியைத் திருகிப் பார்த்தார். தலையைத் தாங்கும் மரையை உள்ளே பிடித்துக்கொண்டிருந்ததும் அந்த அரக்குதான். இப்போது மரை லொடலொடவென்று ஆடியது. ரேஸரின் எலும்பை உருவி, சுத்தம் என்று பேர் வைத்திருக்கிறார்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. உள்ளே அரக்கு இருந்ததென்றால், தராசு நிறுத்தது வெள்ளியை மட்டும் இல்லை.

மறுநாள் மரையையும் எடுத்துவிட்டு, வெறும் கைப்பிடியைக் குழலுக்குள் காற்று தங்காமல் தண்ணீரில் முக்கி நிறுத்தார். பத்துக்கு மேல். இன்னொரு முறை நிறுத்தார். பத்துக்கு மேல். ஆய்வகத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்து, உடைத்தவன் யாரென்று சொல்லியிருப்பார்கள்.

"வெள்ளியாம்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "தம்பிகிட்ட சொல்லியாச்சா?"

"ரேஸர சரி பண்ணிட்டு சொல்லலாம்னு."

"அவன் வீட்ல சொல்லிட்டான். அப்பா சும்மா கத விட்டிருக்காரு, அத்தானே சோதிச்சுப் பாத்துட்டாருன்னு. அவன் வீட்டுக்காரி என்கிட்ட ஃபோன்ல சொல்லிச் சிரிக்கிறா. எங்கப்பாவ நெனச்சு நானும் சேந்து சிரிக்கணுமாம்."

அவளுக்குக் கோபம் வந்தால் துணி மடிப்பு கத்தி மாதிரி விழும். அன்றைக்கு விழுந்த மடிப்புகளில் கை வைக்க அவருக்குப் பயமாக இருந்தது.

அரக்கு வாங்கி வந்தார்கள். அவள்தான் பார்த்து வாங்கினாள். செங்கல் பொடியைச் சலித்து அதில் கலக்க வேண்டும் என்றும் அவள்தான் சொன்னாள். வளையல் சரிசெய்யக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாளாம். மெல்லிய சூட்டில் இளக்கி, கைப்பிடியைத் துணியில் சுற்றித் தலைகீழாகப் பிடித்து, மரையை நடுவில் நிறுத்தி, அடிப்பக்கமாக ஊற்றினார். "நேரா புடிங்க, நேரா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவரும் நேராகத்தான் பிடித்தார். ஆறிய பிறகு பார்த்தால் மரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாட்டிய தலை, யாரையோ கூப்பிட்டது போல இடப்பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது. விரல் குழி அப்படியே இருந்தது. மற்றபடி ரேஸர் ஜொலித்தது.

மைத்துனன் வருவதற்குள் இந்தக் கதையை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். பால் பாத்திரத்தில் ஆரம்பிப்பது. அழுக்கு என்று குதித்ததை நடித்துக் காட்டுவது. அவன் சிரித்து முடிப்பதற்குள் வெள்ளி என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிடுவது. நன்றாகத்தான் வந்தது. கண்ணாடி முன் ஒரு முறை அவருக்கே சிரிப்பு வந்தது.

அவன் வந்து உட்கார்ந்தான். "துலக்கிட்டீங்களா அத்தான்? சும்மா கெடக்கட்டும், அப்பா தொட்ட பொருளு" என்று கையை நீட்டினான்.

பால் பாத்திரம் வாய்க்கு வரவில்லை.

"மாப்ள, உங்கப்பா சொன்னது நிஜம். இது வெள்ளி. நான் சொன்னதுதான் தப்பு."

எப்படித் தப்பானது என்பதையும், அப்புறம் செய்த கூத்தையும் ஒன்று விடாமல் சொன்னார். நடிக்கவில்லை. அவன் ரேஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தான்.

"நீங்க ஃபோன் பண்ணின அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல அத்தான். அப்புறம் நானே மனச தேத்திக்கிட்டேன். உங்க பேச்சக் கேட்டு எங்கப்பாவ விட்டுக்குடுத்துட்டேன்."

மனைவி சமையலறை வாசலில் நின்றாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"நீங்களே அவகிட்ட சொல்லுங்க." அவன் ஃபோனை எடுத்துத் தன் மனைவிக்குப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி அவர் முன்னால் வைத்தான்.

"நான்தாம்மா பேசறேன். அந்த ரேஸர் வெள்ளிதான். உன் மாமனாரு பொய் சொல்லல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"அப்படியாண்ணே? இப்ப யாரு சோதிச்சது?"

"நான்தாம்மா."

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே. எதுக்கும் ஃபோன அண்ணிகிட்ட குடுங்களேன்."

அவர் ஃபோனைத் தூக்கி நீட்டினார். மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "வெள்ளிதான்டி. நான் பாத்துட்டேன். எங்கப்பாவப் பத்திச் சிரிச்சதெல்லாம் போதும்" என்றாள். தராசும் இல்லை, நூலும் தண்ணீரும் இல்லை. அந்தப் பக்கம் "ஐயோ, சரி அண்ணி" என்று அடங்கிவிட்டது.

மைத்துனன் ரேஸரைக் கைக்குட்டையில் சுற்றினான். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினான்.

"வீட்ல மிக்ஸி ஒண்ணு கரகரன்னு கத்துது அத்தான். ஒரு நாள் கொண்டு வரேன்."

விஞ்ஞானி நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொண்டு வாப்பா. பாத்துடலாம்."

"அக்கா வீட்ல இருக்கற நாளா பாத்துக் கொண்டு வரேன்."