ஒரே எண்ணில் இரண்டு கங்கவ்வா

போனை எடுத்தபோதே அந்தப் பக்கம் ஒரு கிழவி கத்துவது கேட்டது.

“சிவலீலாக்கா, பிரசவ வார்டு ஜைனாபி பேசறேன். ஆறாம் கட்டில் கங்கவ்வாவை, விடியக்காலை குழந்தை பிறந்தவளை, கொஞ்சம் கம்ப்யூட்டர்ல பாருங்க. வலி ஊசி போடணும், மாமியார்க்காரி என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறா. போன வருஷம் இதே ஊசி போட்டு முகம் வீங்கி மூச்சு அடைச்சுப்போச்சாம். என் ஸ்கிரீன்ல அப்படி ஒண்ணுமே இல்லை. மூணு தடவை இதே ஊசி போட்டதா இருக்கு. மூணு தடவையும் எழுந்து நடந்து போயிருக்கா.”

சிவலீலா எண்ணைத் தட்டினாள். ஜன்னலுக்கு வெளியே சீட்டுக்கு நின்றவர்களில் ஒருவன் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். திரை மெதுவாகத் திறந்தது. கங்கவ்வா. பொறுப்பாளர் யமனப்பா. ஊர் ஜாலிஹாள். பிறந்த தேதி ஜனவரி ஒன்று. அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி: இரு பதிவுகள் இணைக்கப்பட்டன, நேற்று, 12.40.

நேற்று பன்னிரண்டு நாற்பதுக்கு இந்த நாற்காலியில் இருந்தது அவள்தான்.

“இருக்கா இல்லையா அக்கா? டாக்டர் நிக்கறார்.”

“ரெண்டு நிமிஷம் இரு. பார்த்துச் சொல்றேன்.”

போனை வைத்தாள். ‘போடாதே’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்து ‘ஏன்’ என்று வந்திருக்கும்.

பதினோரு வருடமாக அவள் அந்தத் தாலுகா ஆஸ்பத்திரியில் பெயர்களைத் தட்டி ஏற்றுகிறாள். ஏப்ரல்தோறும் ஏஜென்சி மாறும், கழுத்துப் பட்டையின் நிறம் மாறும், வேலை மாறாது. மேஜை இழுப்பறையில் பத்துப் பழைய அடையாள அட்டைகள் கிடந்தன. முதல் அட்டையில் அவளுக்கு இருபத்தேழு வயது, இரட்டைப் பின்னல். கணவன் மஹாந்தேஷுக்குக் கால்வாயில் தண்ணீர் விடும் மாதங்களில் மட்டும் வேலை. மற்ற மாதங்களில் வீட்டில் ரொட்டி தட்டுவது அவளுடைய சம்பளத்தில்தான்.

கம்ப்யூட்டர் வந்த புதிதில் எல்லோரும் அதைத் திட்டினார்கள். அவள் திட்டவில்லை. கரண்டு போனால் காகிதத்தில் எழுதி வைத்து, வந்ததும் ஏற்றினாள். நெட் நின்றால் மாடிப்படியின் ஏழாம் படியில் போய் நின்று தன் போனிலிருந்து இழுத்தாள். டாக்டர்கள் தங்கள் ரகசியச் சொல்லை மறந்தால் அவளிடம்தான் கேட்பார்கள். “அது உங்க மாமனார் பேரும் கல்யாண வருஷமும் சார்,” என்பாள். சிரிப்பார்கள்.

பெயர்தான் பெரிய தொல்லை. இந்தப் பக்கத்தில் பெண் குழந்தைக்குப் பாட்டி பெயரை வைப்பார்கள். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால் மூன்று வீட்டிலும் அதே பெயர். ஜாலிஹாள் ஹுலிகெவ்வா, போனில் கத்திய அந்தக் கிழவி, தன் இரண்டு அண்ணன்மாரின் மகள்களைத் தன் இரண்டு மகன்களுக்கும் கட்டி வைத்தாள். மகள்கள் இருவரும் கங்கவ்வா. பொறுப்பாளர் யார் என்று கேட்டால் புருஷன் பெயரை எந்தப் பெண்ணும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். தலையைக் குனிந்துகொண்டு மாமனார் பெயரைச் சொல்வாள். இருவருக்கும் மாமனார் யமனப்பா. ஆதார் முகாமில் பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று போட்டார்கள், அன்று பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் வருடமும் ஒன்றே விழுந்தது. விரல் ரேகையை வைத்தாவது பிரிக்கலாமென்றால் இருவரும் விதைப் பருத்திக் காட்டில் பூவைக் கிள்ளிக் கிள்ளி ரேகை தேய்ந்தவர்கள். மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டும். வீட்டில் இருப்பது ஒரே போன், ஒரே எண்.

இதற்கும் சிவலீலா வழி கண்டிருந்தாள். “வீட்டுல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க தாயி?” என்று கேட்பாள். முகவரியின் இரண்டாம் வரி எப்போதும் காலியாக இருக்கும், அதில் ஏற்றுவாள். சின்ன கங்கி. பெரிய கங்கி. கருப்பவ்வா, மூக்கில் தழும்பு. யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. ஏப்ரலில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். முகவரியில் ஒரு வரிதான் என்றாகிவிட்டது. ஐந்து வருடத்து இரண்டாம் வரிகள் ஒரு காலையில் இல்லாமல் போயின. மாவட்டத்துக்குப் போன் போட்டாள். அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஷரணு, “அக்கா, அது முகவரி போடற இடம். நீங்க கதை எழுதி வச்சிருந்தா நான் என்ன பண்றது?” என்றான்.

ஐந்து நாள் முன்னால் பட்டியல் வந்தது. இரட்டைப் பதிவுகள் இரண்டாயிரத்து முந்நூறு. பெயர், பொறுப்பாளர், பிறந்த தேதி, போன் நான்கும் பொருந்தினால் இணைத்துவிட வேண்டும். மாதக் கடைசிக்குள் முடிக்காத தாலுகாவில் ஆபரேட்டர்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றி யோசிக்கப்படும் என்று கடைசி வரியில் இருந்தது. சீட்டுக் கொடுத்துக்கொண்டே ஒரு நாளைக்கு இருநூற்று முப்பது. நேற்று கங்கவ்வாவிடம் வந்தபோது அவள் விரல் நின்றது. ஒன்றில் இடுப்பு வலி, அதற்கு மூன்று ஊசி, கடைசி வருகை திங்கட்கிழமை. இன்னொன்றில் எட்டு மாதக் கர்ப்பம். ஒருத்திக்கே இரண்டும் இருக்கலாம். ஜன்னலில் யாரோ, “ஏன் மேடம், தூங்கிட்டீங்களா?” என்றார்கள். அழுத்திவிட்டாள்.

இணைத்தால் கடைசியாக வந்தவளின் எண்தான் நிற்கும். மற்ற எண்ணின் மருந்துகள் வரும், சோதனைகள் வரும். ஆகாத மருந்துக்குப் போட்ட சிவப்புக் குறி வராது. அதை இப்போதுதான் கண்ணால் பார்த்தாள். போன வருடம் பல் வலிக்கு வந்த சின்னவள் ஊசி போட்டதும் நடைபாதையிலேயே சுருண்டு விழுந்தாள். அவளுடைய எண்ணில் அந்தச் சிவப்புக் குறியைப் போட்டவளும் சிவலீலாதான்.

இத்தனையும் தெரிந்த பிறகும் அவள் போனை எடுக்கவில்லை. யார் இணைத்தது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தாள். ‘ஆபரேட்டர் 2’ என்று இருந்தது. அந்தப் பெயரில் மூன்று பேர் வேலை செய்தார்கள். நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. அப்படி லேசானதை அவள் கவனித்தாள். பிறகு போனை எடுத்தாள். வார்டு எண் வேறு பேச்சில் இருந்தது. ஓடினாள்.

படி ஏறும்போதே சத்தம் மாறியிருந்தது. கிழவி கத்தவில்லை. டாக்டர் ஹொசமனிதான் கத்தினார், மருந்தின் பெயரைச் சொல்லி. ஜைனாபி ஊசிப் புட்டியை உடைத்துக்கொண்டிருந்தாள். ஆறாம் கட்டிலில் கிடந்தவளின் உதடுகள் தடித்து நிறம் மாறியிருந்தன. பக்கத்துக் கட்டில்காரி ஒருத்தி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

“நீங்க கூப்பிடலையே அக்கா,” என்றாள் ஜைனாபி, நிமிராமல். “ரெண்டு நிமிஷம்னீங்க. நாலு நிமிஷம் பார்த்தேன். மூணு தடவை போட்டிருக்கே, கிழவி பேச்சுக்கு நிக்காதேன்னார் டாக்டர்.”

ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டாவது ஊசி, மூன்றாவது ஊசி. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. ஸ்டிரெச்சரை இறக்கி நடைபாதையில் பாதி தூரம் போவதற்குள் டாக்டர் அதை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு விரலை எடுத்தார்.

ஹுலிகெவ்வா தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை.

“ரெண்டு பேரையும் நான்தான் கொண்டுவந்தேன்,” என்றாள் ஆம்புலன்ஸ் டிரைவரிடம். “ரெண்டுக்கும் எங்கம்மா பேரு. இடுப்பு வலிக்காரி பெரியவ, அவ வீட்டுல ரொட்டி தட்டிக்கிட்டிருக்கா. இவ சின்னவ, இவளுக்கு ஆகாதுன்னு சொன்னேன். அந்த டிவியைப் பார்த்துட்டு ஆகும்னாங்க. யவ்வா, இவளை நான் தூக்கி வளத்திருக்கேன். எனக்குத் தெரியாதது உங்க டிவிக்கு என்ன தெரியும்?”

சிவலீலா அவளுக்கு எதிரில் நின்றாள். ‘நான்தான்’ என்று சொல்ல வாய் எடுத்தாள். கிழவி அவளைப் பார்த்து, “நீ சீட்டுக் கொடுக்கறவதானே. நல்லவ. எப்பவும் வீட்டுப் பேரு கேப்பியே,” என்றாள்.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் போன் ஒலிபெருக்கியில் கிடந்தது. ஷரணு பேசினான்.

“அக்கா, பயப்படாதீங்க. இந்தப் பக்கத்திலிருந்தே பிரிச்சுடலாம். பிரிச்சா பெரியவ வேற, சின்னவ வேற. நேத்து இணைச்சதே இருக்காது. சின்னவ பதிவுல சிவப்புக் குறி பழைய தேதியோட அப்படியே வந்து உக்காந்துக்கும். விசாரணைக்காரங்க திங்கட்கிழமை வந்து பார்த்தா எல்லாம் சுத்தமா இருக்கும்.”

பெரிய டாக்டர் சிவலீலாவைப் பார்க்கவில்லை. “நல்லதுக்குத்தாம்மா. ஏஜென்சிக்கும் நாம ஒண்ணும் எழுத வேண்டாம்,” என்றார்.

“சிவப்புக் குறி இருந்தா, குறி இருந்தும் ஜைனாபி ஊசி போட்டான்னு ஆகுமே சார்.”

பெரிய டாக்டர் போனை அவள் பக்கம் நகர்த்தினார். பிறகு போனிலிருந்து, “நர்ஸுங்களுக்குச் சங்கம் இருக்கு அக்கா. உங்களுக்கு என்ன இருக்கு?” என்று வந்தது.

“பத்து நிமிஷம் கொடுங்க. பாதியில ஒரு பதிவு திறந்து கிடக்கு, மூடிட்டு வர்றேன்,” என்றாள் சிவலீலா.

கீழே வந்து, இணைந்திருந்த அந்தப் பக்கத்தை அச்செடுத்தாள். அச்சு மெஷின் வழக்கம்போல் இரண்டு தாளைச் சேர்த்து இழுத்தது. தட்டி, ஊதி, மறுபடி வைத்தாள். சாம்பல் நிற வரியும் நேரமும் தெளிவாக விழுந்தன. வெற்றிடத்தில் பேனாவால் எழுதினாள். நேற்று 12.40க்கு ஆபரேட்டர் 2 என்ற பெயரில் இருந்தது நான். இவர்கள் இரண்டு பேர். இன்று 11.10க்கு வார்டிலிருந்து கேட்டார்கள், ஊசி போட வேண்டாம் என்று நான் உடனே சொல்லவில்லை. நர்ஸ் பார்த்த திரையில் சிவப்புக் குறி இல்லை. பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள்: சிவலீலா ஹடபத்.

தபால் பிரிவில் பீரப்பா மண்டக்கிப் பொரி கொறித்துக்கொண்டிருந்தார். எல்லாம் கம்ப்யூட்டர் என்றான பிறகும் அங்கே முத்திரை இருந்தது, தடித்த வரவுப் புத்தகம் இருந்தது. அதில் ஏறிய காகிதத்தை யாரும் மாவட்டத்திலிருந்துகொண்டு பிரிக்க முடியாது.

“என்ன, புகாரா? யார் மேல யாரு?”

“என் மேல நானே.”

“அதுக்குத் தனிக் கட்டம் இல்லையே,” என்று சிரித்தபடி வாங்கினார். முதல் வரியைப் படித்ததும் மண்டக்கியைத் தள்ளி வைத்தார். “யோசிச்சியா தங்கச்சி? முத்திரை விழுந்தா விழுந்ததுதான்.”

“யோசிச்சதாலதான் அவ போனா. குத்துங்க.”

பீரப்பா குத்தினார். எண் போட்டார், நகலில் ஒரு முறை குத்தி அவளிடம் கொடுத்தார். நடைபாதையில் ஜைனாபி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். சிவலீலா நகலை அவள் மடியில் வைத்தாள். அவள் படித்தாள். நன்றி சொல்லவில்லை.

“நாலு நிமிஷம் அக்கா,” என்றாள். “ஒரு வார்த்தை போதுமா இருந்துச்சு.”

“ஆமா.”

மறுநாள் சிவலீலா ஒன்பது மணிக்கு வந்தாள். அவளுடைய ரகசியச் சொல் திறக்கவில்லை. ஏஜென்சிக்காரர் போன் செய்து, இன்று முதல் வர வேண்டாம், அட்டையைப் பீரப்பாவிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். கொடுத்தாள். இரண்டு பதிவுகளையும் முந்தின நாள் மாலையே பிரித்திருந்தார்கள். ஜைனாபியை நாய்க்கடி ஊசி போடும் அறைக்கு மாற்றியிருந்தார்கள். விசாரணை திங்கட்கிழமை பதினோரு மணிக்கு என்று பலகையில் ஒட்டியிருந்தது, சாட்சிகளில் அவள் பெயரும் இருந்தது. பக்கத்துத் தாலுகாவிலிருந்து வந்த ஆபரேட்டர் மதியத்துக்குள் நூற்று எண்பது இரட்டைப் பதிவுகளை இணைத்தான். ஜாலிஹாளிலிருந்து பெரிய கங்கவ்வா வந்து சின்னவளின் குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள். பெண் குழந்தை, இரண்டு கிலோ நானூறு. சிவலீலா ஒரு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.