அடிக்கல்லோடு ஒரு தேத்தண்ணிக் கடை

அடுப்பை மூட்டுவதற்கு முன் குணேஸ்வரி அக்கா ஒரு வாளித் தண்ணீரை அந்தக் கல்லின் தலையில் ஊற்றி, தேங்காய்ப் பொச்சால் தேய்க்கிறார். காக்கை எச்சம் போகவேண்டும். முன்னாள் ஜனாதிபதியின் பெயர் மூன்று மொழிகளிலும் பளிச்சென்று தெரியவேண்டும். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவரும் அலியார், "குளிப்பாட்டி முடிஞ்சுதா அக்கா?" என்று நக்கலடிப்பார். அக்கா இன்னொரு வாளி ஊற்றுவார்.

திருகோணமலைத் துறைமுகக் கரையில் இறங்குதுறை கட்டப்போவதாகச் சொல்லி அந்த மனிதர் நாட்டிய அடிக்கல் அது. அவர் கழுத்தில் மாலை விழுந்தது, வெடி கொளுத்தினார்கள், படம் பிடித்தார்கள். இறங்குதுறை மட்டும் வரவில்லை. வந்தது அக்காவின் தேத்தண்ணிக் கடைதான். கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற தகரக் கொட்டில்.

பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய காலத்தில்தான் அக்காவின் தகப்பனுடைய காணி, கிணறும் மாமரமுமாக, இராணுவ முட்கம்பிக்கு அந்தப் பக்கம் போனது. இன்னும் திரும்பவில்லை. "அந்தாள்ர பேரைக் கேட்டாலே எனக்கு வயிறு பத்தி எரியும்" என்பார், அதே பெயரைத் துடைத்துக்கொண்டே.

பிறகு ஏன் இந்தப் பணிவிடை? பல பிளேன்டீ குடித்துத்தான் கண்டுபிடித்தேன். அரச காணியில் அனுமதியில்லாமல் நின்ற கொட்டில்களையெல்லாம் போன வருடம் பிடுங்கினார்கள். அக்காவின் கொட்டிலைப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து பெயரும். கல்லில் பெயருள்ளவர் பதவி இழந்து வருடங்களாகின்றன. ஆனாலும் யார் பக்கம் கை காட்டுவார் என்பதுதான் பத்திரிகைகளில் இன்னும் முதல் பக்கம். நாளைக்கு மறுபடி வந்துவிட்டால்? அந்தக் கல்லைக் கிளப்பக் கையெழுத்து வைக்க எந்த அரச கந்தோரிலும் ஆளில்லை. கடை நிற்கிறது, அக்காவின் வீட்டில் உலை கொதிக்கிறது.

அவருக்கு வாக்குப் போடுவீர்களா என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உங்களுக்கு விசரே தம்பி? அவர் வெல்லவும் கூடாது. ஒரேயடியாத் தோக்கவும் கூடாது."

தேர்தல் காலத்தில் அக்காவின் வானொலி அணைவதேயில்லை.

கல் மேசை உயரத்துக்கு இருப்பதால் எல்லோரும் வெறுங் கிளாசை அதன்மேல்தான் வைப்பார்கள். கைதுடைக்கிற சீலைத்துண்டு பெயரை மூடித் தொங்கும். ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் எல்லாம் ஒரே இழுவையில் உள்ளே போய்விடும்.

சென்ற வாரம் அப்படியொரு ஜீப்பிலிருந்து, புதிதாக மாற்றலாகி வந்த தமிழ் அதிகாரி ஒருவர் இறங்கினார். ஒரு கிழமைக்குள் கொட்டிலைக் கழற்றவேண்டும் என்றார். அக்கா வாதாடவில்லை. கல்லை மறைக்காமல் கொஞ்சம் விலகி நின்று தேத்தண்ணி ஆற்றினார். அதிகாரி கிளாசை வாங்கிக்கொண்டு பெயரைப் படித்தார். குரல் தணிந்தது.

"அவர் திரும்ப வருவார் எண்டு கதைக்கினம். உண்மையோ?"

"எனக்கென்ன தெரியும் ஐயா. கல்லு கிடக்கு."

குடித்து முடித்து வெறுங் கிளாசைக் கல்லின்மேல் வைக்கப்போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். அதை அக்காவிடமே நீட்டினார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாக முணுமுணுத்தபடி ஜீப்பில் ஏறினார்.

ஜீப் வளைவில் மறையும்வரை அக்கா கிளாசும் கையுமாக நின்றார். பிறகு அதைக் கல்லின் தலையில் டொக்கென்று கவிழ்த்து, ஈரச் சீலைத்துண்டை நன்றாகப் பிழிந்து, அந்தப் பெயரின்மேல் காயப்போட்டார்.