மிஸ் டொரீன் வாங்கிய முதல் உப்பு

வர்த்தக சங்கம் என்பது வர்த்தகத்தை வளர்க்கும் அமைப்பு என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். மிகுந்த மனவருத்தத்துடன் இதைத் திருத்தவேண்டியிருக்கிறது. வர்த்தக சங்கம் என்பது கதிரைகளை வட்டமாகப் போட்டு, தேநீர் ஆறும்வரை வர்த்தகத்தைப் பற்றிக் கதைக்கும் அமைப்பு. அதற்குப் பிறகு வர்த்தகம் வளர்ந்தால் அது தற்செயல். எண்பதுகளின் கடைசியில் சீமைத் தலைநகரின் டூட்டிங் பகுதியில் அப்படியொரு சங்கத்துக்கு உதவிச் செயலாளராக இருந்தவன் சொல்கிறேன். ஏதாவதொரு சங்கத்தில் செயலாளராகி அல்லற்பட்ட அன்பர்கள் இப்போதே தலையாட்டத் தொடங்கியிருப்பார்கள்.

மெத்தைகளுக்கு மேலே

எங்கள் அலுவலகம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. கடை சங்கத் தலைவருடையது. வெள்ளை வெள்ளையாக விரித்த மெத்தைகளுக்கு நடுவே நடந்துதான் படியேறவேண்டும்; மேலே வந்து சேரும்போது எவருக்கும் பாதி நித்திரை வந்துவிடும். அந்த நாட்களில் நகரசபையான கவுன்சிலின் பாஷையில் ஆபிரிக்கர், கரீபியர், தமிழரான நாங்கள் எல்லோருமே 'கறுப்பு வணிகர்'. எங்களுக்கு உதவவென்று சங்கம் ஒரு மேசை போட்டது. யாழ்ப்பாணத்தான் என்ற ஒரே தகைமையில் நான் அதற்குப் பின்னால் இருத்தப்பட்டேன். மழை கண்ணாடியில் வழிந்து இறங்குவதைப் பார்ப்பதே பல மாதங்களுக்கு என் கடமையாக இருந்தது.

பிறகு மிஸ் டொரீன் வந்தார். ஜமெய்க்காவில் பிறந்தவர், பின் சந்தில் பேக்கரி வைத்திருந்தார். (பேரப்பிள்ளை கண்டவரையும் மிஸ் என்று அழைப்பது அவர்கள் மரியாதை.) அவருக்கு முன்பாகச் சூடான பாணின் வாசம் படியேறி வந்தது. வசந்தத்தில் பேக்கரியின் குத்தகை முடிகிறது என்றார். அவருடைய பாணைத் தினமும் எடுக்கும் கடைகள் நாலைந்தாவது இருந்தால்தான் புதுப்பிக்கலாம் என்று கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டாராம். அப்படி ஒரு கடையும் இல்லை. நான் 'வணிகத்தை வளர்ப்பது எப்படி' என்ற எங்கள் பிரசுரத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கி, மூக்கருகே கொண்டுபோய் மணந்தார்.

"மகனே, இது இன்னும் வேகவில்லை."

அறிமுகம்

வேறு வழி தெரியாமல் அவரை நடராசா அண்ணையின் பலசரக்குக் கடைக்குக் கூட்டிப்போனேன். அண்ணை மானிப்பாய்க்காரர். தமிழ்க் கடைக்காரர்கள் எல்லோரும் அவர் செய்வதைப் பார்த்துத்தான் செய்வார்கள். மிஸ் டொரீனின் பாணை அவர் தேங்காயைத் தட்டுவதுபோலத் தட்டிப் பார்த்தார், பிய்த்துத் தின்றார், கண்ணை மூடினார். எனக்கு நம்பிக்கை பிறந்தது. பிறகு கண்ணைத் திறந்து என்னை மட்டும் ஓரமாக அழைத்தார்.

"தம்பி, மனுசி தங்கமான மனுசி, பாணும் திறம். ஆனா எங்கட சனம் வெட்டி வைச்ச பாணைத்தான் தேடுது. கோவியாதையும், உம்மட சங்கத்துக்காக வேணுமெண்டா நான் ஒண்டு வாங்கிச் சாப்பிடுறன்."

பனியில் ஒரு சுபமுகூர்த்தம்

அந்தத் தை மாதம் நடராசா அண்ணை இரண்டாவது கடையைத் திறந்தார். பஞ்சாங்கப்படி நல்ல நேரம் விடியுமுன். முதல் வியாபாரத்துக்குக் கைராசிக்காரரான அவருடைய மச்சான் நகரின் மறுகோடியிலுள்ள செவன் கிங்ஸிலிருந்து வரவேண்டும். சங்கத்தின் சார்பில் நான் பூச்செண்டுடன் நின்றேன். அப்போது பனி கொட்டத் தொடங்கியது. வீதியின் சத்தமெல்லாம் அடங்கிற்று. வெளிச்சங்கள் தண்ணீருக்குள் எரிவதுபோலத் தெரிந்தன. மச்சானின் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தொலைபேசி வந்தது. நல்ல நேரமோ கரைந்துகொண்டிருந்தது. சிகரெட் கேட்டு வந்த ஒருவரை, முதல் வியாபாரம் புகையாகப் போகக்கூடாதென்று அண்ணை கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து தலையில் பனியும் கையில் மாவுமாக மிஸ் டொரீன் நடந்து வந்தார். அடுப்பு எரிகிறது, மா பிசையவேண்டும், உப்பு முடிந்துவிட்டது; வெளிச்சம் தெரிந்த கடை இது ஒன்றுதான். ஒரு பை உப்புக் கேட்டார். உப்பு லட்சுமி என்று தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. அண்ணை அந்தக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் கடை துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. பனி பெய்தால் சனம் சாமான் வாங்கிச் சேர்க்கும். இதைக் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த நியாயம் என்பார்கள் என்று அண்ணைக்கு விளக்கினேன்.

"நீர் பேசாமல் இரும். பனி எல்லாற்ற கடைக்கும்தானே பெய்தது? என்ர கடையில மட்டும் ஏன் தம்பி ஒண்டும் மிஞ்சேல்லை?"

உப்பு அக்கா

செய்தி நகரின் அந்தக் கோடியிலுள்ள இல்ஃபோர்ட்வரை போயிற்று. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் கடை திறக்காத மாதமில்லை. என் மேசைத் தொலைபேசி முதன்முறையாக மணியடித்தது. "உந்த உப்பு அக்கா எங்கட திறப்புக்கும் வருவாவோ? ஓமெண்டு சொல்லுங்கோ, கார் அனுப்புறன்." ஒன்றன்பின் ஒன்றாக அழைப்புகள் வந்தன. வெட்கத்துடன் மிஸ் டொரீனிடம் போனேன். அடுப்பின் சூட்டில் கண்ணாடியெல்லாம் நீராவிப் புகார் படிந்திருக்க, லட்சுமியைப் பற்றி என்னால் இயன்ற ஆங்கிலத்தில் விரிவுரை செய்தேன். அவர் சிரிக்கவில்லை. பாண்களைத் தட்டில் அடுக்கியபடி யோசித்தார்.

"நான் அவர்களிடம் உப்பு வாங்குகிறேன். அவர்கள் தினமும் என்னிடம் பாண் வாங்கட்டும். உங்கள் பிரசுரத்தில் இதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது?"

குத்தகை

ஒரு கடைக்காரரும் மறுக்கவில்லை. நடராசா அண்ணை இரண்டு கடைக்குமாக எடுத்தார். சம்பலுக்கு இதைவிடத் திறமான பாண் இல்லை என்று சனமும் கண்டுபிடித்தது. வசந்தத்தில் கட்டட உரிமையாளர் தானே கடை கடையாகப் போய், மேசைகளில் மிஸ் டொரீனின் தட்டுகளைப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்திட்டார். நான் கீழே இறங்கி, மெத்தைகளின் நடுவே நின்ற தலைவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார்.

"பார்த்தீரா, பிரசுரம் வேலை செய்கிறது!"

வாங்கிச் சேர்ந்த உப்பை வீணாக்க மிஸ் டொரீனுக்கு மனம் வராததால், பாணில் உப்புச் சற்றுக் கூடிவிட்டது என்று அந்தக் கோடையில் இல்ஃபோர்டிலிருந்து எங்கள் மேசைக்கு முதலாவது முறைப்பாடு வந்து சேர்ந்தது.