அண்ணன் வைத்திருந்த மூன்று சீசாக்கள்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரை வாங்கிப் பிரிக்கும் உறவினர்களே, உங்களில் பாதிப் பேர் அவரைக் குடிகாரர் என்று இன்னும் நம்புகிறீர்கள். அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். அண்ணன் ஒரு சொட்டுகூடக் குடித்ததில்லை. தங்கையாகிய நான் அச்சிலேயே சொல்கிறேன். மறுக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்து மறுக்கலாம்.

மலைமேல் பெரக்கரை நாட்டில் தினை விளைக்கும் குடும்பத்தில் அண்ணன் பிறந்தார். அடிவாரத்துக் காரவள்ளிக்கு நடந்து இறங்கி, சேந்தமங்கலத்தில் தங்கிப் படித்து, சென்னைக் கலாசாலையில் ரசாயனம் கற்று, அங்கேயே ஆராய்ச்சியில் அமர்ந்தார். மலைக்காரனுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று பலர் கேட்டார்கள். அவர் அடுத்த பரீட்சையிலும் தேறினார். காசநோய் பிடித்தபின் வைத்தியர் சொல்லி மலைக்குத் திரும்பியபோது, ஆராய்ச்சியையும் கூடவே கொண்டுவந்தார்.

அவர் ஆராய்ந்தது இதுதான். கார்பனோடு ஒட்டியிருக்கும் குளோரின் சில பொருள்களில் தானாகவே விலகிப் போகும். காலியான இடத்தில் தண்ணீரோ ஆல்கஹாலோ வந்து சேரும். அது எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது, அந்தப் பொருள் கரைந்திருக்கும் திரவத்தைப் பொறுத்தது. ஆல்கஹாலில் தண்ணீர் கூடக் கூட வேகமும் கூடும். எந்தக் கலவையில் எவ்வளவு வேகம் என்று அளந்து பட்டியல் போடுவதே அவர் வேலை.

அதற்கு வேண்டிய ஆல்கஹால் மூன்று சீசா, சர்க்கார் அனுமதிச் சீட்டோடு காரவள்ளியிலிருந்து தலைச்சுமையாக ஏறியது. ஜில்லாவில் மதுவிலக்கு வந்திருந்த சமயம். அம்மாவின் அண்ணனான எங்கள் மாமா ஒரு மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். சாயங்காலத்துக்குள் சேதி ஊரெல்லாம் போய்விட்டது. அனுமதிச் சீட்டைப் படித்துப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

மிளகு வைக்கும் அறையில், தொட்டித் தண்ணீரில் குடுவைகளை நிறுத்தி அண்ணன் அளந்தார். கடிகாரம் பார்த்து நேரம் எழுதியது நான். முதல் வாரம் எல்லாம் சரியாக வந்தது. பிறகு ஒவ்வொரு கலவையும் சென்னையில் கண்டதைவிட வேகமாக ஓடியது. வெப்பமானியை மாற்றிப் பார்த்தார், குடுவைகளைத் திரும்பத் திரும்பக் கழுவினார். ஒரு மாதம் போராடியும் பயனில்லை. நோயால் தம் கை தவறுகிறது என்று முடிவுகட்டி, ஆராய்ச்சியைக் கைவிடுவதாகப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன்.

மறுநாள் கடிதத்தைத் தபாலில் சேர்க்கக் கிளம்பிய என்னை நிறுத்தினார். கை நடுங்கினால் அளவு ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இதுவோ எல்லாம் ஒரே பக்கமாகத் தவறுகிறதே என்றார். பழைய பட்டியலை எடுத்து, இந்த வேகத்துக்கு எவ்வளவு தண்ணீர் அதிகமாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். பிறகு, எங்களைத் தவிர அந்த அறைக்குள் வரும் ஒரே ஆளான அம்மாவைக் கூப்பிட்டார்.

“சீசாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி ஊத்துனியாம்மா?”

“ஆமா சாமி. ஊரே பேசுது. காரங் கொறையட்டும்னு ஒரு டம்ளர் எடுத்துக் கீழ கொட்டிட்டு, அதுக்குத் தண்ணிய ஊத்தி வெச்சேன்.”

அம்மாவும் நம்பியிருந்தார் என்பது அவருக்கு வலித்திருக்கும். ஆனாலும் கோபிக்கவில்லை, சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு, கலந்த தண்ணீரையும் கணக்கில் சேர்த்து எல்லா அளவைகளையும் திருத்தி முடித்தார். பட்டியல் சென்னை அளவைகளோடு பொருந்துகிறது என்று பேராசிரியர் எழுதிய பதிலைப் படித்த பிறகுதான் கண்ணை மூடினார்.

சீசாக்களைச் சுமந்து ஏறியவர்களுக்கும், இருமலுக்கு அஞ்சாமல் அவரருகே உட்கார்ந்தவர்களுக்கும், பாடை தூக்கியவர்களுக்கும் எங்கள் நன்றி. துக்கத்துக்கு வராதவர்கள் வீட்டுக்கும் இந்த மலர் வரும், படிக்கட்டும்.

அம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கருமாதியன்று, குடித்தே குடல் வெந்து போனான் என்று மாமா மறுபடி தொடங்கினார். மூலையில் அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்து வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“ஏனுங்கண்ணா, நான் ஊத்துன தண்ணியக் கண்டுபுடிக்க எம்பட பையனுக்கு ஒரு மாசமும் ஒரு நோட்டுக் கணக்கும் ஆச்சுங்க. குடிக்கிறவனா இருந்தா மொத வாயிலயே கண்டுபுடிச்சிருப்பான்.”