நேராக்கப்பட்ட எண்

ஓசூரில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆண்களை நான் மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன்: ஓட்டுகிறவர்கள், துடைக்கிறவர்கள், பேசுகிறவர்கள். முதல் வகையில் ஒருவரையும் இதுவரை சந்திக்கவில்லை. இரண்டாம் வகையால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாம் வகை ஞாயிற்றுக்கிழமை காலையில் ராயக்கோட்டை சாலையில் ஒரு டீக்கடை முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, அவற்றில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டு, ஒன்பது மணிக்குள் வெயில் வந்துவிடும் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடும். அவர்களில் பாதிப் பேர் வண்டியை டெம்போவில் ஏற்றிக்கொண்டுதான் அந்த டீக்கடைக்கே வருவார்கள்.

எனக்கு ஓட்டுவதற்கு ஒரு வண்டி வேண்டியிருந்தது. அது ராயக்கோட்டையில் ஒரு தக்காளி மண்டியில், உடைந்த கிரேட்டுகளுக்கு அடியில் கிடந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு பக்கமும் சைலன்சர். உதைத்து ஸ்டார்ட் செய்யும் லிவரையே முன்னால் தள்ளிவிட்டால் அதுவே கியர் லிவர். மண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது எதுக்கும்மா உனக்கு? உள்ள எலி குடும்பம் நடத்துது. ஒரு ஸ்கூட்டி வாங்கிக்க."

எலி இருந்தது உண்மைதான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் சாக்குநூல், தக்காளி விதை, நான்கு குட்டிகள். குட்டிகளை அவரிடமே விட்டுவிட்டு, வண்டியையும் அதன் பழைய ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

நான் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியின் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். உடைந்து திரும்பி வரும் பாகங்களை அறுத்து, மெருகேற்றி, அமிலத்தில் நனைத்து, ஏன் உடைந்தது என்று சொல்வது என் வேலை. அதனால் இன்ஜினைப் பிரிப்பது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. வாடகை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய மேசையைப் போட்டுக்கொண்டு, விடுமுறை நாட்களில் செய்தேன். கிராங்க் பேரிங் போயிருந்தது. ஆயில் சீல்கள் காய்ந்து அப்பளமாகியிருந்தன. சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து புது பிஸ்டன் போட வேண்டியிருந்தது. இவை வரிசையாக முடியும் வேலைகள். முடியாத வேலை, பார்க்க வந்தவர்களுக்குப் பதில் சொல்வது. மாடி வீட்டுக்காரர் தினமும் நின்று, "ஸ்டார்ட் ஆயிடுமா?" என்பார். எதிர்வீட்டு அம்மா, "கையெல்லாம் கிரீஸு, பொண்ணு பாக்க வந்தா என்ன சொல்றது?" என்பார். சிலர் என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிப் பார்ப்பார்கள். எந்த நட்டுக்கு என்று தெரியாமல் திருப்பிக் கொடுப்பார்கள்.

என்னால் செய்ய முடியாதது ஒன்றுதான்: ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைப்பது. அதற்குப் பெரிய அடுப்பு வேண்டும். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் குழுவின் தலைவர் வந்து சேர்ந்தார். வேறொரு பாகத் தயாரிப்புக் கம்பெனியில் தர மேலாளர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அதில் குறை கண்டுபிடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். தன் வீட்டுக் கதவின் கீலைக்கூட மூன்று முறை மாற்றியதாகப் பெருமையாகச் சொன்னார்.

"ஃபிரேமை எங்கிட்ட குடும்மா. நம்ம வென்டர் ஒருத்தர் கோட்டிங் பண்றாரு. லேடீஸ் ரைடர் ஒண்ணு நம்ம குரூப்ல இருந்தா நல்லாத்தான இருக்கும்."

ரைடர் ஒண்ணு. பொருளைச் சொல்வதுபோலச் சொன்னார். இருந்தாலும் கொடுத்தேன். ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியில்தான் சேசிஸ் எண் அடிக்கப்பட்டிருந்தது. அதன் மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டி, 'இங்கே தொட வேண்டாம்' என்று மார்க்கரில் எழுதி, வாயாலும் சொல்லித்தான் கொடுத்தேன்.

ஃபிரேம் கறுப்பாக, மழமழவென்று திரும்பி வந்தது. டேப் இல்லை. கழுத்தில் சேசிஸ் எண் இருந்தது. புதிய கைப்பேசிப் பெட்டியின் மேல் அச்சடித்ததுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"சார், இந்த நம்பர் யாரு போட்டது?"

"நாந்தான். நம்ம லேசர் மார்க்கிங் மெஷின்ல. ஃபினிஷிங் பாத்தியா?"

"பழைய நம்பர் என்ன ஆச்சு?"

"அத ஏன் கேக்குற! ஆறு கீழ எறங்கிக் கெடக்குது. மூணை ரெண்டு தரம் அடிச்சிருக்கான். லைனும் இல்ல, ஸ்பேசிங்கும் இல்ல. லைட்டா கிரைண்ட் பண்ணிட்டு, அதே நம்பரை நேரா போட்டுட்டேன். ஒரு எழுத்து மாத்தல."

இந்த ஊரை அறியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். இங்கே பல பேருக்கு இருக்கும் வியாதிதான் இது. காலை முதல் மாலை வரை மைக்ரானில் அளந்து, கோணலாக இருப்பதற்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டிப் பழகியவர்கள், கோணலான எதையும் கோணலாக விட்டுவைக்க மாட்டார்கள். அந்த எண் அடிக்கப்பட்ட காலத்தில் ஒரு தொழிலாளி ஒவ்வொரு எழுத்தின் இரும்பு அச்சையும் கையில் பிடித்துச் சுத்தியலால் அடித்தார். அந்தக் கோணல்தான் அது அந்த வண்டியின் எண் என்பதற்குச் சாட்சி. டிராயிங்கில் ஒரு வாஷரை மாற்றக்கூட வாடிக்கையாளரின் கையெழுத்து வேண்டும் என்று தன் கம்பெனியில் வகுப்பெடுக்கிறவர், அடுத்தவர் வண்டியின் அடையாளத்தைத் தேய்ப்பதற்கு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்குது. நீ ஒண்ணும் கவலப்படாத," என்றார்.

பாகங்களை மறுபடி பொருத்தி வண்டியை முடித்தேன். ஓடியது. ஆனால் ஆர்.சி. காலாவதியாகிப் பல வருடம் ஆகியிருந்தது. புதுப்பித்து என் பெயருக்கு மாற்றினால்தான் சாலையில் ஓட்டலாம். அதற்கு வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோக வேண்டும். டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். அந்த வகையில் அன்றைக்கு நானும் அந்தக் குழுவில் ஒருத்தி.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். எண்ணின் மேல் ஒரு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்ப்பார். பள்ளமான இடம் வெள்ளையாக நிற்கும். எண் தாளில் வந்துவிடும். என் வண்டியில் தாள் முழுக்கக் கறுப்பாக வந்தது. லேசர் தோலை மட்டும்தான் கீறியிருந்தது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"யாரும்மா அடிச்சது இத?"

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"திருட்டு வண்டிக்காரன்கூட கொஞ்சம் கோணலா அடிப்பான்மா, நாங்க நம்புற மாதிரி. இது பார்டர் ஊரு. அந்தப் பக்கம் காணாமப் போற வண்டி இந்தப் பக்கம் நம்பர் மாறி வருது. நான் இத ஸ்டேஷனுக்கு எழுதித்தான் ஆகணும்."

ஸ்டேஷனுக்குப் போனால் என்ன ஆகும் என்று தெரியும். காவல் நிலையத்தின் பின்னால், வழக்கு முடியாத வண்டிகளோடு மழையில் நிற்கும். மேலே செடிகொடி படரும். மண்டியிலாவது கூரை இருந்தது.

தலைவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேன்மா," என்றார். மறுபடி அடித்தபோது, தெரிந்த ஆள் இடம் மாறிப் போய்விட்டதாகச் சொன்னார். மூன்றாவது முறை எடுக்கவில்லை.

ஆய்வாளரிடம் திரும்பிப் போனேன். இரும்பு அச்சால் அடிக்கும்போது மேலே பள்ளம் விழுவதோடு அடியில் இருக்கும் உலோகமும் நசுங்குகிறது. மேலே தேய்த்தாலும் அடியில் நசுங்கியது அப்படியே இருக்கும். அமிலம் பட்டால் அந்த இடம் வேறு நிறத்தில் தெரியும். இதைச் சொன்னேன். எங்கள் கூடத்தில் தினமும் செய்கிற வேலை என்றும் சொன்னேன்.

"வீட்ல பண்ணிட்டு வந்து காட்டினீன்னா, அதையும் நீயே வரைஞ்சேன்னு எழுதுவேன். இங்க, என் எதிர்ல பண்ணு. வராட்டி வண்டி ஸ்டேஷனுக்கு."

நியாயமான பேச்சு. இந்தக் கதை முழுக்க ஒரே நியாயமான பேச்சு அதுதான்.

அடுத்த ஆய்வு நாளில் எமரித் தாள், பஞ்சு, கையுறை, தாமிர உப்பு கலந்த அமிலம், தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். லைசென்சுக்கு எட்டுப் போட வந்தவர்கள் எட்டை மறந்து என்னைச் சுற்றி நின்றார்கள். முதலில் லேசர் கீறலைத் தேய்த்து எடுக்க வேண்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்தால் அடியில் இருப்பதும் போய்விடும். அப்புறம் எடுக்க எதுவும் இருக்காது.

"என்னாக்கா, வண்டிக்கு ஃபேசியலா?" என்றான் ஒரு புரோக்கர்.

"மருதாணிடா. நாளைக்குக் கல்யாணம்," என்றான் இன்னொருவன். கன்னடத்தில் யாரோ அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கன்னடம் புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நான் நிமிரவில்லை. அவர்களில் ஒருவருக்கும் எமரித் தாளை எந்தத் திசையில் பிடிப்பது என்று தெரியாது.

கீறல் போனது. கழுத்து வெறும் கண்ணாடியாக நின்றது. எண் இல்லாத வண்டி. பஞ்சை நனைத்துத் தடவினேன். ஒன்றுமில்லை. தடவினேன். லேசாகச் சாம்பல் படிந்தது. ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அவ்ளோதானாம்மா?"

"இன்னும் கொஞ்சம் சார்."

முதலில் வந்தது ஆறு. வரிசையிலிருந்து கீழே இறங்கி, நனைந்த சுவரில் பழைய விளம்பரம் தெரிவதுபோல வந்தது. அடுத்து எழுத்துகள். பிறகு மற்ற எண்கள். சுற்றி நின்றவர்கள் கழுத்தை எட்டிப் பார்த்தார்கள். ஆய்வாளர் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

"மூணு மட்டும் ரெட்டையா தெரியுதே?"

"ரெண்டு தரம் அடிச்சிருக்காங்க சார்."

கடைசி எண் வரவில்லை. அங்கே தலைவரின் கிரைண்டர் ஆழமாக இறங்கியிருந்தது. மேலும் அமிலம் விட்டால் வந்ததும் சேர்ந்து கறுத்துவிடும். விடாவிட்டால் முழு எண் இல்லை. மற்ற எண்களைத் தண்ணீரால் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி நிறுத்தினேன். கடைசி இடத்தில் மட்டும் பஞ்சு நுனியால் தொட்டேன். ஆய்வாளர் தன் கைப்பேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். ஏழின் மேல்கோடு தெரிந்தது, பிறகு கால்.

"ஏழு," என்றார் அவர். படம் எடுத்துக்கொண்டார். பழக்கத்தில் தாளை வைத்துப் பென்சிலாலும் தேய்த்துப் பார்த்தார். தாள் கறுப்பாகவே வந்தது. "கண்ணுக்குத் தெரியுது, பென்சிலுக்கு வரமாட்டேங்குதே," என்று தலையைச் சொறிந்தார். அந்தக் கேள்விக்கு அவருடைய மேலதிகாரிகள் பதில் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. கடைசியில் அனுமதி வாங்கி, அவர் முன்னிலையில் அதே எண்ணை மறுபடி இரும்பு அச்சால் அடித்தோம். ஆர்.சி. என் பெயருக்கு வந்தது.

வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரி வரை போகலாம் என்று பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். கேட் வாசலில் தலைவர் வந்து நின்றார். முதலில் வண்டியை ஒரு படம் எடுத்தார்.

"சூப்பரா வந்திருக்குதும்மா. நம்ம குரூப் பண்ண வண்டின்னு போட்டுக்கலாமில்ல?"

நான் டேங்க் மூடியைத் திருகினேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆசிட்டு... எங்க கெடைக்குது?"

"எதுக்கு சார்?"

"நம்ம குரூப்ல பாதிக்கு மேல வண்டிக்கு நாந்தான் நம்பரை நேராக்கிக் குடுத்தேன். அடுத்தடுத்து ரினீவல் வருது. நீ ஒரு நாள் உக்காந்தீன்னா எல்லாத்தையும் முடிச்சுரலாம்."

"வண்டிக்காரங்களுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்லம்மா. சொன்னா பயந்துருவாங்க."

"முதல்ல குரூப்ல நீங்களே எழுதுங்க சார். என்ன பண்ணீங்கன்னு. அப்புறம் ஆய்வாளர் எதிர்ல, ஒவ்வொரு வண்டியா நான் பண்ணித் தரேன்."

"அது எப்படிம்மா... என் பொசிஷன்னு ஒண்ணு இருக்குதில்ல?"

லிவரைப் பின்னால் இழுத்து உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது. லிவரை முன்னால் தள்ளிக் கியர் போட்டேன். அவர் வெள்ளைச் சட்டையோடு புகையில் நின்றார். நான் வெளியே வரும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்.

சூளகிரி ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மூன்றாவது கியரில் போனேன். இன்ஜின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. எந்தச் செக்போஸ்டிலும் நிறுத்திக் கழுத்தைக் காட்டச் சொன்னால் காட்டலாம். ஒருவரும் நிறுத்தவில்லை. கிருஷ்ணகிரியில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

ஃபிரேமை வாங்கிப் போன அன்றே என்னையும் சேர்த்துவிட்டிருந்த வாட்ஸ்அப் குழுவில், சாயங்காலம் தலைவர் ஒரு செய்தி போட்டிருந்தார். உறுப்பினர்கள் அனைவரும் தங்கள் ஆவணங்களைச் சரிபார்த்துக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொண்டிருந்தார். நேராக்கியது பற்றி ஒரு சொல் இல்லை. நாற்பது கட்டைவிரல்கள் விழுந்திருந்தன. நான் அதில் இருந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன்: உங்கள் சேசிஸ் எண் தேய்க்கப்பட்டிருக்கலாம், ரினீவலுக்குப் போகும் முன் கழுத்தைப் பாருங்கள், லேசராக இருந்தால் தேய்க்காதீர்கள், என்னிடம் வாருங்கள். பிறகு குழுவிலிருந்து வெளியேறினேன்.

பெரும்பாலானோர் படித்ததற்கான நீலக் குறி வந்தது. ஒருவர் மட்டும் பதில் போட்டார்.

"ஓகே மேடம். உங்க வண்டி லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?"